லகாஷும் உம்மாவும்: நூற்றைம்பது ஆண்டு நடந்த ஒரு வாய்க்கால் வழக்கு

ஆற்றங்கரையில் நாகரிகம் பிறந்தது என்ற வரியைப் பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். நைல், யூப்ரடீஸ், டைகிரிஸ், சிந்து, மஞ்சள் ஆறு என்று பெயர்களை வரிசையாக எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். தண்ணீர் இருந்தது, மண் வளமாக இருந்தது, மக்கள் குடியேறினார்கள், ஊர் பெருத்து நகரமானது, அவ்வளவுதான் பாடம். எனக்கு அந்த வரியோடு நெடுநாளாகவே தகராறு உண்டு. ஆறு ஏதோ தானாகவே எல்லாவற்றையும் கொண்டுவந்து வாசலில் வைத்ததுபோல அது பேசுகிறது. தெற்கு இராக்கில், சுமேரியர் வாழ்ந்த சமவெளியில், ஆறு எதையும் சும்மா கொடுக்கவில்லை. வெட்டி, கரை கட்டி, வருடா வருடம் தூர் வாரி, மேல் ஊர்க்காரனோடு மல்லுக்கட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது. எல்லைக்கல், ஒப்பந்தம், வட்டிக் கணக்கு, படை, அரசனின் அதிகாரம் எல்லாம் அங்கே இறுகி உருவெடுத்ததில் அந்த மல்லுக்கட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் நம்ப மாட்டீர்கள் என்பதால் ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன். லகாஷ், உம்மா என்ற இரண்டு நகர அரசுகளுக்கு இடையே, சுமார் கி.மு. 2500-க்கும் 2350-க்கும் நடுவில் தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்கு இது. இரண்டு அரசுகளுக்கு இடையிலான நீர், நிலத் தகராறு இவ்வளவு விரிவாக எழுத்தில் கிடைப்பது இங்கேதான் முதல்முறை.

முதலில் அந்த ஆறுகளைப் பார்த்துவிடுவோம்

தெற்கு இராக்கில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. வானத்தை நம்பி அங்கே ஒரு மணி பார்லிகூட விளையாது. விதைப்பு இலையுதிர் காலத்தில், அறுவடை ஏப்ரல், மே வாக்கில். ஆனால் டைகிரிஸும் யூப்ரடீஸும் வடக்கே மலைப்பனி உருகிப் பெருக்கெடுப்பதும் அதே ஏப்ரல், மே மாதங்களில்தான். அதாவது விதைக்கும்போது ஆறு வற்றிக் கிடக்கும், கதிர் முற்றி நிற்கும்போது வெள்ளம் வரும். எகிப்தில் இது நேர்மாறு: நைல் ஜூலையில் ஏறத் தொடங்கி இலையுதிர் காலத்தில் வடியும், வடிந்த ஈர வண்டலில் விதையைத் தூவினால் பெரும்பாதி வேலை முடிந்தது. சுமேரிய உழவனுக்கு ஒரே ஆற்றோடு இரண்டு வேலை. தேவைப்படும் மாதத்தில் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும், தேவைப்படாத மாதத்தில் அதைத் தடுத்து நிறுத்த வேண்டும்.

அங்கே ஆறு தன் வண்டலைத் தானே இருபுறமும் கொட்டிக் கொட்டி, சுற்றியுள்ள நிலத்தைவிட உயரமாக ஓடும். கரையை ஓரிடத்தில் வெட்டினால் போதும், தண்ணீர் தானாகவே வயலுக்கு இறங்கிவிடும். ஆரம்பம் சுலபம். அப்புறம்தான் கஷ்டம். தரை கிட்டத்தட்ட மட்டமாக இருப்பதால் வாய்க்காலில் நீர் மெதுவாகப் போகும், மெதுவாகப் போகும் நீர் வண்டலைச் சுமக்காமல் அங்கங்கே போட்டுவிடும், ஒவ்வோர் ஆண்டும் தூர் வாராவிட்டால் சில ஆண்டுகளில் வாய்க்கால் மேடாகிவிடும். இது ஒரு குடும்பம் செய்யக்கூடிய வேலை இல்லை. ஊர் கூட வேண்டும். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்கு எவ்வளவு நீளம், யாருக்கு எத்தனை படி பார்லி என்று யாராவது ஒருவர் குறித்துவைக்க வேண்டும். லகாஷ் அரசின் கிர்சு நகரில் ஆட்சியாளரின் மனைவி பொறுப்பில் இருந்த, பாவு என்ற பெண் தெய்வத்தின் கோயில் நிர்வாகத்தின் களிமண் பலகைகள் 1,700-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. படியளப்பு, நெசவுப் பெண்கள், ஆடு, மீன், பீர், வாய்க்கால் வேலைக்கு அளந்துவிட்ட நீளம் என்று அவை முழுக்க இந்த மாதிரிக் கணக்குதான்.

இதெல்லாம் ஒரே நாளில் வந்ததும் இல்லை. இராக்கின் கிழக்கு ஓரத்தில் சோகா மாமி என்ற இடத்தில் கி.மு. 6000 வாக்கிலேயே சின்னச் சின்ன வாய்க்கால்கள் வெட்டியிருக்கிறார்கள். தெற்கே எரிது கி.மு. 5400 அளவில் குடியேற்றமாகிவிட்டது. கி.மு. 3100 வாக்கில் உருக் சுமார் 250 ஹெக்டேர் பரந்த நகரம், அங்கே கிடைத்த மிகப் பழைய எழுத்துப் பலகைகளில் பெரும்பாலானவை பார்லியும் ஆடும் ஆளும் எண்ணிய கணக்குகள். 2025-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு கோணத்தையும் முன்வைத்தது. அந்தக் காலத்தில் பாரசீக வளைகுடா இன்னும் உள்ளே நீண்டிருந்தது, கடலின் ஏற்றவற்றம் நாளுக்கு இருமுறை ஆற்றின் நன்னீரைப் பின்னே தள்ளிக் குறுகிய வாய்க்கால்களை நிரப்பியிருக்கும், ஆறுகள் வண்டல் கொட்டிக் கடலைத் தள்ளிவிட்ட பிறகுதான் நீண்ட வாய்க்கால்களின் காலம் வந்தது என்கிறது அது. இந்தக் கருத்து நிலைக்குமா என்பது போகப் போகத் தெரியும். எனக்கு அது பிடித்ததற்குக் காரணம், தண்ணீர் எளிதாகக் கிடைத்த காலத்தையும் அதை ஆள் சேர்த்துக் கொண்டுவர வேண்டியிருந்த காலத்தையும் தனித்தனியாகப் பார்க்க வைக்கிறது.

வழக்கின் நிலம்

லகாஷ் அரசில் மூன்று நகரங்கள்: கிர்சு, லகாஷ், நினா. உம்மா, கிர்சுவிலிருந்து வடமேற்கே சுமார் 30 கிலோமீட்டர். மேலிருந்து வரும் நீர் உம்மா பக்கம் வந்த பிறகுதான் கிர்சுவுக்கு வரும். நம் பேச்சில் சொன்னால் உம்மா தலைமடை, லகாஷ் கடைமடை. இரண்டுக்கும் நடுவில் கு-எதின் என்ற நல்ல நிலம், பெயருக்கே சமவெளியின் விளிம்பு என்றுதான் பொருள். அந்த நிலம் தங்கள் தெய்வம் நின்கிர்சுவின் சொத்து என்றது லகாஷ். எங்கள் தெய்வம் ஷாராவின் நிலம் என்றது உம்மா.

இங்கே ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி லகாஷ்காரர்கள் எழுதியது. பிரெஞ்சுத் தூதரக அதிகாரி எர்னெஸ்ட் டி சர்செக் 1877-ல் தெல்லோவில், அதாவது பழைய கிர்சுவில், தோண்டத் தொடங்கியதால் அந்தத் தரப்பின் ஆவணங்கள் குவிந்துவிட்டன. படிப்பது எல்லாம் ஒரு கட்சிக்காரரின் வாக்குமூலம். உம்மா கொடுமைக்காரனாகவும் லகாஷ் பொறுமைசாலியாகவும் தெரிந்தால், பேனா யார் கையில் இருந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

முக்கியச் சாட்சி ஒரு களிமண் கூம்பு. சாண் அளவைவிடச் சற்றுப் பெரியது, கையில் தூக்கிவிடலாம், இப்போது பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுற்றிலும் பத்தி பத்தியாகக் கட்டம் போட்டு ஆப்பெழுத்து. ஒரு பத்தியை முடித்து அடுத்ததற்குப் போகக் கூம்பைத் திருப்ப வேண்டும், வழக்கும் அப்படியே தலைமுறை தலைமுறையாகத் திரும்பிக்கொண்டே போகிறது. எழுதச் செய்தவர் சுமார் கி.மு. 2400-ல் லகாஷை ஆண்ட என்மேதேனா. தன் காலத்தை மட்டும் எழுதாமல், தன் பாட்டன் காலத்துக்கும் முன்னே போய் மூலவழக்கிலிருந்து தொடங்குகிறார்.

மூலவழக்கு இதுதான். கடவுள்களின் தலைவர் என்லில் தன் வாக்கினால் நின்கிர்சுவுக்கும் ஷாராவுக்கும் எல்லை வகுத்தார். கீஷ் நகர அரசர் மெசிலிம் அளவுக்கயிறு பிடித்து அளந்து அங்கே ஒரு கல் நட்டார். இரண்டு கட்சிக்கும் வெளியே உள்ள பெரிய மனிதர் ஒருவர் நேரில் வந்து, நிலத்தை அளந்து, கல் நட்டுத் தீர்ப்பு சொல்லியிருக்கிறார்! நான் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்த இடம் இது. பாகப்பிரிவினையில் இன்றும் நடக்கிற காட்சி, நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுக்கு முன்னால் இரண்டு அரசுகளுக்கு நடுவில்.

கல் நிலைக்கவில்லை. உம்மாவை ஆண்ட ஊஷ் அதைப் பெயர்த்து உடைத்துவிட்டு லகாஷ் சமவெளிக்குள் நுழைந்தார் என்கிறது கூம்பு.

வட்டி

அடுத்த கட்டம் சுமார் கி.மு. 2450. லகாஷின் எயன்னாதும் உம்மாவைத் தோற்கடித்தார். அதற்கான கல்வெட்டு ‘கழுகுக் கல்’ என்று அறியப்படுகிறது, அதன் துண்டுகளும் லூவ்ரில்தான். ஒரு பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி, கேடயங்களைச் சுவர்போல வைத்து, ஈட்டி நீட்டி நடக்கும் படை, காலடியில் பிணங்கள், மேலே வெட்டுண்ட தலைகளைக் கவ்விப் பறக்கும் கழுகுகள். மறுபக்கத்தில் நின்கிர்சு ஒரு பெரிய வலையில் எதிரிகளை அள்ளிப் பிடித்திருக்கிறார், வலையிலிருந்து ஒரு தலை வெளியே நீட்ட, அதைத் தன் கதாயுதத்தால் அடிக்கிறார். அந்த வலை வெறும் அலங்காரம் இல்லை. உம்மா ஆட்சியாளரை என்லிலின் வலை மீதும் மற்றத் தெய்வங்களின் வலைகள் மீதும் வரிசையாகச் சத்தியம் செய்ய வைத்தார்கள். எல்லை வாய்க்காலை மாற்ற மாட்டேன், எல்லைக்கல்லைப் பிடுங்க மாட்டேன், மீறினால் இந்த வலை மேலிருந்து என் ஊர்மேல் விழட்டும் என்று. புறாக்களின் கண்ணுக்கு மை தீட்டிக் கோயில்களுக்கு அனுப்பியதும் அதில் பதிவாகியிருக்கிறது. படையைவிட இந்தச் சத்தியங்களுக்குத்தான் கல்லில் நிறைய இடம் போயிருக்கிறது.

எயன்னாதும் செய்த இன்னொரு வேலை, நுன் வாய்க்காலிலிருந்து கு-எதின் வரை ஓர் எல்லை வாய்க்காலை நிலைநாட்டி, மெசிலிமின் கல்லை அதே இடத்தில் திரும்ப நட்டது. எல்லை என்பது இங்கே ஒரு கோடு இல்லை, நீர் ஓடும் பள்ளம். பாசனத்துக்கும் அதுதான், பிரிப்பதற்கும் அதுதான்.

அப்புறம் பணம். பணம் என்றால் பார்லி. எல்லை நிலத்தில் ஒரு பகுதியை உம்மா உழலாம், ஆனால் விளைந்த பார்லி நின்கிர்சுவுக்கும் லகாஷின் பெண் தெய்வம் நான்ஷேவுக்கும் பட்ட கடன், அதற்கு வட்டி உண்டு என்று ஏற்பாடு. உம்மா சரியாகக் கட்டவில்லை. பாக்கி ஏறியது, பாக்கிக்கு வட்டி, வட்டிக்கு வட்டி. வட்டிக்கு வட்டி போட்டதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றாக இதைச் சொல்கிறார்கள். சுமேரியாவில் பிற்காலத்தில் பார்லிக் கடனுக்கு மூன்றில் ஒரு பங்கு வட்டி என்பது வழக்கம். அந்த விகிதத்தில் போட்டுப் பாருங்கள், கடன் இரண்டரை ஆண்டுக்குள் இரட்டித்துவிடும், இருபத்தைந்து ஆண்டில் ஆயிரம் மடங்கைத் தாண்டிவிடும். என்மேதேனாவின் கூம்பு காட்டும் தொகை எந்த நாடும் எந்தக் காலத்திலும் அளந்து கொடுக்க முடியாதது. வசூலிப்பதற்காகப் போட்ட கணக்கு என்று எனக்குத் தோன்றவில்லை. எதிராளி என்றைக்கும் கடனாளியாகவே இருக்க வேண்டும் என்று போட்ட கணக்கு.

இதே என்மேதேனா தன் குடிகளின் கடனைத் தள்ளுபடி செய்தவரும்கூட. கடனுக்காகப் பிரிக்கப்பட்ட பிள்ளையைத் தாயிடமும் தாயைப் பிள்ளையிடமும் சேர்த்ததாக எழுதியிருக்கிறார். அதற்கு அவர் பயன்படுத்திய ‘அமர்கி’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் ‘தாயிடம் திரும்புதல்’, விடுதலை என்ற கருத்துக்கு எழுத்தில் நாம் பார்க்கும் முதல் சொற்களில் ஒன்று. கடன் மனிதர்களை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் ஊருக்குள் ஒரு கணக்கும் ஊருக்கு வெளியே ஒரு கணக்கும் வைத்திருந்தார்.

உம்மாவின் பதில்

உம்மா என்ன செய்தது? தலைமடைக்காரன் கையில் எப்போதும் இருக்கிற ஆயுதத்தை எடுத்தது. ஊர்-லும்மா என்ற ஆட்சியாளர் எல்லை வாய்க்கால்களுக்குள் தண்ணீரைத் திருப்பிவிட்டார், எல்லைக்கற்களுக்குத் தீ வைத்தார், எல்லையோரம் இருந்த தெய்வ மாடங்களை இடித்தார், வெளியூர்ப் படைகளையும் கூட்டிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார். லகாஷின் முதலாம் என்னன்னாதும் அவரோடு மோதினார், அவர் மகன் என்மேதேனா முறியடித்தார். ஊர்-லும்மா ஓடியபோது லும்மா-கிர்-நுன்தா வாய்க்கால் கரையில் அறுபது வண்டிக் கழுதைக் கூட்டங்களை அப்படியே விட்டுப் போனார், அவருடைய ஆட்களின் எலும்புகள் வெளியில் சிதறிக் கிடந்தன, ஐந்து இடங்களில் பிண மேடு குவிக்கப்பட்டது என்று கூம்பு சொல்கிறது. அந்த எலும்புகளுக்குரியவர்கள் பெரும்பாலும் தூர் வாரும் கூட்டத்தில் இருந்தவர்களாகத்தான் இருக்கும். மண்வெட்டிக்கு ஆள் சேர்க்கிற அதே நிர்வாகம்தான் ஈட்டிக்கும் ஆள் சேர்த்தது.

அடுத்து வந்த ஈல், பக்கத்து சபலம் ஊரின் கோயில் நிர்வாகியாக இருந்து உம்மாவின் ஆட்சிக்கு வந்தவர். அவரும் நீரைத் திருப்பினார். பாக்கியில் ஒரு சின்னப் பகுதியை மட்டும் கட்டினார். தூதர் போய்க் கேட்டபோது, நின்கிர்சுவின் எல்லை வாய்க்காலும் நான்ஷேவின் எல்லை வாய்க்காலும் என்னுடையவை என்றார்.

உம்மாமேல் லகாஷுக்கு இருந்த கோபம் நேரடியாகத் தெரியும் ஒரு பொருளும் இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 150 ஆண்டு கிடந்த ஒரு கல்தூணை ஆப்பெழுத்து அறிஞர் இர்விங் ஃபிங்கல் படித்துப் பொருள் சொன்னதாக 2018-ல் செய்தி வந்தது. லகாஷ் பக்கத்திலிருந்து எல்லையை அறிவிக்கும் தூண் அது. அதில் தங்கள் தெய்வம் நின்கிர்சுவின் பெயரை அழகாக வெட்டிய எழுத்தர், எதிரூர்த் தெய்வம் ஷாராவின் பெயரைக் கோணல்மாணலாக, வேண்டுமென்றே சிதைத்து வெட்டியிருக்கிறார். உளி பிடித்த அந்த ஆளின் கோபம் இன்றும் கல்லில் அப்படியே இருக்கிறது.

டைகிரிஸ் பக்கம் திரும்பியது

மேல் ஊர்க்காரனோடு சண்டை போட்டே காலம் போகிறது என்றால் கடைமடைக்காரன் வேறு நீர் தேடுவான். என்மேதேனா டைகிரிஸிலிருந்து நுன் வாய்க்கால் வரை ஒரு வாய்க்கால் வெட்டியதாகக் கூம்பிலேயே எழுதியிருக்கிறார். தெற்கே உருக் அரசரோடு சகோதர ஒப்பந்தமும் செய்துகொண்டார். லகாஷுக்கு இனி தண்ணீர்ப் பஞ்சம் இல்லை.

இங்கேதான் உப்பு வருகிறது. 1958-ல் தோர்கில்ட் ஜேக்கப்சன், ராபர்ட் மெக் ஆடம்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரை இந்த டைகிரிஸ் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டது. ஆற்றுநீரில் சிறிதளவு உப்பு எப்போதும் உண்டு. வெயில் நீரை மட்டும் குடித்துவிட்டு உப்பை விட்டுவிடும். கை நிறைய நீர் கிடைத்ததும் மிதமிஞ்சிப் பாய்ச்சினால் நிலத்தடி நீர் ஏறும், ஏறிய நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே உப்பை மேலே கொண்டுவரும், வயலில் வெள்ளை பூக்கும். கோதுமை உப்புத் தாங்காது, பார்லி ஓரளவு தாங்கும். அவர்கள் கணக்கில் கி.மு. 3500 வாக்கில் தெற்கே கோதுமையும் பார்லியும் ஏறக்குறையச் சரிபாதி. 2500 அளவில் கோதுமை ஆறில் ஒரு பங்கு. 2100-ல் இரண்டு விழுக்காடு. 1700-ல் கோதுமையே இல்லை. விளைச்சலும் இறங்கியது: கிர்சுவில் சுமார் 2400-ல் ஹெக்டேருக்கு 2,537 லிட்டர், 2100-ல் 1,460, பிறகு பக்கத்து லார்சாவில் 1700-ல் 897.

இந்த எண்களை எல்லோரும் ஏற்கவில்லை. மார்வின் பவல் போன்றவர்கள் சுமேரிய அளவைகளையும் சொற்களையும் படித்த விதத்திலேயே குறை கண்டார்கள். வயலை ஓராண்டு விட்டு ஓராண்டு தரிசு போட்டால், அதில் முளைக்கும் ஆழவேர் முட்செடிகள் அடிமண் ஈரத்தை உறிஞ்சி உப்பைக் கட்டுக்குள் வைக்கும் என்பதும் அந்த உழவர்களுக்குத் தெரிந்த வழக்கமே. என் கருத்தில், நாகரிகத்தையே உப்பு விழுங்கியது என்பது அதிகம். ஆனால் பார்லி மேலே ஏறி கோதுமை காணாமல் போனது உண்மை, அவசரமான அரசுக்குத் தரிசு போடப் பொறுமை இருக்காது என்பதும் உண்மை. எல்லைச் சண்டையும் வட்டிக் கணக்கும் இருக்கும் ஊரில், இந்த ஆண்டு பாதி நிலம் சும்மா கிடக்கட்டும் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் உப்பு முற்றுவதற்கு முன்னால் உம்மா வந்துவிட்டது.

கடைசிப் பலகை

சுமார் கி.மு. 2350. லகாஷை அப்போது ஆண்டவர் உருகாகினா. அதிகாரிகளின் பிடுங்கலைக் குறைத்ததாகப் பட்டியல் போட்டு எழுதியவர். பிணம் புதைக்க வந்தவர் முன்பு ஏழு குடம் பீரும் 420 ரொட்டியும் வாங்கினார், இனி மூன்று குடமும் 80 ரொட்டியும்தான் என்ற அளவுக்கு விவரமான பட்டியல். இத்தனை ஆண்டு வாய்க்காலுக்கும் போருக்கும் ஆள் சேர்த்து, பார்லி வசூலித்துப் பெருத்த நிர்வாகம் சாவு வீட்டுக்குள்ளும் கை நீட்டியிருந்தது என்பது அந்தப் பட்டியலிலிருந்து தெரிகிறது.

அவர் ஆண்டது பத்து ஆண்டுகூட இருக்காது. உம்மாவின் லுகல்சாகேசி படையோடு வந்தார். அவரும் நிலைக்கவில்லை, சில ஆண்டுகளில் அக்காதின் அரசர் சர்கோன் அவரைப் பிடித்துக் கழுத்தில் மரப்பூட்டு போட்டு என்லிலின் ஊரான நிப்பூர் வாசலுக்கு இழுத்துப் போனார். அதோடு கு-எதின் யாருடையது என்ற கேள்வியே பொருளற்றுப் போனது, இரண்டு ஊரும் ஒரே பேரரசுக்குள் அடங்கின.

லுகல்சாகேசி வந்து போனபின் லகாஷ்காரர் ஒருவர் ஒரு களிமண் பலகையில் நடந்ததை எழுதிவைத்தார். எந்தக் கோயிலில் தீ வைத்தார்கள், எங்கே வெள்ளியையும் நீலக்கல்லையும் அள்ளினார்கள், எங்கே இரத்தம் சிந்தியது என்று இடம் இடமாக. கணக்குப்பிள்ளை பழக்கம் போகவில்லை, புலம்பலும் பட்டியலாகத்தான் வருகிறது. உருகாகினாமேல் குற்றம் இல்லை, இந்தப் பாவத்தை லுகல்சாகேசியின் தெய்வமே தன் கழுத்தில் சுமக்கட்டும் என்று முடிக்கிறார். அந்தச் சாபத்துக்குச் சற்று முன்னால், எரிந்த கோயில்களை எல்லாம் சொல்லி முடித்த பிறகு, அவர் வயலுக்கு வருகிறார்: நின்கிர்சுவின் நிலத்தில் விதைத்திருந்த பார்லி அத்தனையையும் பிடுங்கிவிட்டார்கள்.